ஈப்போ மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்

ரியாத்,
அக்டோபர் 2025

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். உன் மெசேஜுக்கெல்லாம் வெறும் கட்டைவிரலைப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கோபமாக இருப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்க கிரீன் கார்டு விசாவுக்கான பேப்பர்களைப் பார்க்கும் நேஷனல் விசா சென்டரிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்துவிட்டது. பணம் கட்டி, பேப்பரெல்லாம் ஏற்றச் சொல்கிறார்கள்.

‘அதெப்படி உனக்கு மட்டும்?’ என்றுதானே கேட்கிறாய்? அமெரிக்காவில் நமக்கு மனு போட்டது ஒரே ஆஸ்பத்திரி. நர்ஸ் என்பதால் ஷெட்யூல் ஏ, அதாவது அங்கே ஆள் பற்றாக்குறை என்று அரசே ஒப்புக்கொண்ட வேலைப் பட்டியல்; ‘உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை’ என்று காட்டும் லேபர் சர்டிபிகேட் இழுவை கிடையாது. ஆஸ்பத்திரி போட்ட அந்த மனு, ஐ-140, போய்ச் சேர்ந்த நாளே பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் நம் இடம். இரண்டு பேருக்கும் 2022 நவம்பர். எந்தத் தேதிக்காரர்கள் வரை விசா என்று மாதாமாதம் அமெரிக்கா சொல்லும் விசா புல்லட்டினில், இந்த 2025 அக்டோபரில், நம் வேலை விசாப் பிரிவான இபி-3 இந்தியாவுக்கு 2013 ஆகஸ்டில் நிற்கிறது. மற்ற பெரும்பாலான நாடுகளுக்கு 2023 ஏப்ரல். நான் அந்த இரண்டாவது வரிசைக்கு மாறிவிட்டேன், எல்லாம் மலேசியாவின் ஈப்போவில் பிறந்த என் வீட்டுக்காரர், நம் ஈப்போ மாப்பிள்ளையின் உபயம்!

நீயும் ஜெசியும் அவரை ஓட்டாத ஓட்டமா? இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, மலேசியா என்றால் மைலோ டின் மட்டும்தான் ஞாபகம், ஆனாலும் ‘நான் ஃபாரின் ரிட்டர்ன்’ என்பார். வக்கீல் படிவத்தில் அவர் பிறந்த ஊரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். வரிசை பாஸ்போர்ட்டைப் பார்த்து இல்லையாம், பிறந்த நாட்டைப் பார்த்துத்தானாம். கணவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் மனைவியும் அந்த வரிசையில் நிற்கலாம். இப்போது மலாய் மொழியில் இருக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு வீட்டில் ராஜநடை. தாங்க முடியவில்லை.

உன் சின்னவன் ஜித்தாவில் பிறந்தவன் ஆயிற்றே, அதை வைத்து ஏதாவது செய்யலாமா என்று அடுத்த நிமிடமே கேட்டுவிட்டேன். பெற்றோருடைய நாடு பிள்ளைக்கு உதவும், பிள்ளையுடையது பெற்றோருக்கு உதவாது என்றார் வக்கீல்.

செல்வி, நைட் டூட்டி முழுக்க இதுதான் மனதில் ஓடுகிறது. எனக்கு என்க்ளெக்ஸ், அந்த நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை, சொல்லிக்கொடுத்ததே நீ. ஐசியுவில் உன்னோடு நின்ற யாரும் என்னை உனக்கு முன்னால் அனுப்ப மாட்டார்கள். வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, கணவன் மனைவி பிள்ளைகள் எல்லாம் அதிலேயே அடக்கம். எந்த நாட்டுக்கும் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு, இந்தியாவுக்கும் அதே வரம்பு. நர்ஸ் இல்லை, நர்ஸ் இல்லை என்று கூப்பிடுவதும் அவர்கள்தான், சாஃப்ட்வேர்காரர்களுக்குப் பின்னால் அதே வரிசையில் நிற்க வைப்பதும் அவர்கள்தான். உனக்கும் எனக்கும் நடுவே இருப்பது உன் வீட்டுக்காரர் தஞ்சாவூரில் பிறந்ததுதான் என்றால், என்ன நியாயம் இது?

எனக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய நாட்டை வைத்து விசா வாங்கினால் அவரும் என்னோடேயே வர வேண்டும். நான் முன்னால் போய் வீடு பார்ப்பது, அவர் அத்தையோடு இருந்துவிட்டு மெதுவாக வருவது என்ற பழைய திட்டம் செத்தது. அத்தைக்கு இப்போது ஞாபகம் சரியாக இல்லை, நேற்று என்னையே யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்கள். நாத்தனாரிடம் பேச வேண்டும். அவள் என்ன பாட்டுப் பாடுவாள் என்று உனக்கே தெரியும்.

சரி, உன் விஷயம். அதே என்க்ளெக்ஸைத்தான் ஆஸ்திரேலியாவும், கியூபெக் தவிர்த்த கனடாவும் கேட்கின்றன. பாஸ் பண்ணியதை வீணாக்காதே. அமெரிக்க விசாவுக்கு நர்ஸ்கள் காட்ட வேண்டிய தகுதிச் சான்றிதழான விசாஸ்கிரீன் ஐந்து வருடம்தான் செல்லும், உன்னுடையது எப்போது முடிகிறது என்று பார்த்து அனுப்பு. ‘சீக்கிரம் நகர்த்தித் தருகிறேன்’ என்று எந்த ஏஜென்ட் வந்தாலும் ஒரு பைசா கொடுக்காதே. அந்தத் தேதியை நகர்த்த எந்த ஏஜென்டாலும் முடியாது.

கோபம் இருந்தால் போனிலேயே திட்டு. வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப்.

உன்,
மேரி