கண்ணாடி தந்த பெரியம்மாவுக்கும், கூட நின்ற ஊருக்கும்

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. என்னை ஊராட்சித் தலைவர் பதவியிலிருந்து நீக்க எடுத்த நடவடிக்கை கைவிடப்பட்டது என்ற உத்தரவு கைக்கு வந்த பிறகு நேற்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்ததும் முதல் வேலையாக இந்த மடல்.

மூன்றாம் வார்டு பெரியம்மாவுக்குத்தான் முதல் நன்றி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் வரவு செலவுக் கணக்கை நானே வாசிப்பதாகச் சொல்லியிருந்தேன். திடீரென்று சாரல் வலுத்து எல்லோரும் பந்தலுக்குள் ஒதுங்கிய நெரிசலில் என் கண்ணாடி விழுந்து மிதிபட்டுவிட்டது. கையில் தாள் இருக்கிறது, எழுத்து தெரியவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனசோடுதான் எழுந்து வந்தார், "கொடு, நான் வாசிச்சிடுதேன்" என்று. செயலரும் கை நீட்டினார். யார் வாசித்தாலும் கணக்கு மாறாது, சரி. ஆனால் அன்றைக்கு அந்தத் தாளைக் கொடுத்திருந்தால், 2021 அக்டோபரில் நீங்கள் ஓட்டுப் போட்டது எனக்கா அவருக்கா என்ற பேச்சுக்கு என்னிடம் பதில் இருந்திருக்காது.

பெரியம்மா எதிர் அணி. தேர்தலில் எனக்கு எதிராக வீடு வீடாகப் போனவர். இன்றைக்கும் பல விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகாது. அவர்தான் எழுந்து வந்து, நூல் கட்டிய தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இந்தா தாயி, நீயே வாசி. தப்பு இருந்தா நான் கேக்கேன்."

பவர் வேறு, எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. மோட்டார் பழுது, தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், தூய்மைக் காவலர் சம்பளம் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். மேடைப்பேச்சு எனக்கு வராது, வீட்டில் பேசுகிற மாதிரியே விளக்கினேன். முடித்ததும் பெரியம்மா சொன்னபடியே மோட்டார் செலவைப் பற்றிக் கேட்டார், துருவித் துருவி. பதில் சொன்னேன். அந்தக் கேள்விகளுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

தலைவரைப் பதவி நீக்குவது பற்றி ஊராட்சிகள் சட்டப் பிரிவு 205 என்ன சொல்கிறது என்று பொறுமையாக விளக்கிய வக்கீல் அண்ணன், பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்த டேங்க் ஆபரேட்டர் தம்பி, நூறு நாள் வேலை அக்காமார், பக்கத்து ஊராட்சித் தலைவிகள், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தெரு முழுக்க, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தியதால்தான் இத்தனை பெண்கள் பொறுப்புக்கு வந்தோம். வந்ததும் கேட்ட அறிவுரை ஒன்றுதான்: பேர் உன் பேராக இருக்கட்டும், வேலையை ஆம்பளைகள் பார்த்துக்கொள்ளட்டும். அப்படி இருந்திருந்தால், நிரப்பாத காசோலையில் கையெழுத்துப் போட்டிருந்தால், எனக்கு எந்தத் தொல்லையும் வந்திருக்காது. ஆனால் அந்தக் கையெழுத்தோடு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க என்னால் முடியாது.

நவம்பர் 1 கிராம சபையிலும் கணக்கை நானே வாசிப்பேன். இனி எந்தப் பேச்சும் ஊராட்சி அலுவலகத்தில், பகலில், உறுப்பினர்கள் முன்னால்தான். கையெழுத்துக்காக வீட்டுக்கு வருகிறவர்களை, "தலைவர் ஆபீஸ்ல இருக்காங்க, அங்க போங்க" என்று என் வீட்டுக்காரரே இப்போது அனுப்பிவிடுகிறார். அவருக்கும் என் நன்றி.

இப்படிக்கு,
உங்கள் ஊராட்சித் தலைவர்