பாம்பர் செய்யிற டெவலப்பர்களே, மிச்ச ஒன்பது பேர் எங்கங்க?

வீட்டு கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுற சிமுலேட்டருக்கு ரெண்டாம் உலகப்போர் பாம்பர், அதாவது குண்டு போடுற விமானங்களை செஞ்சு விக்கிற டெவலப்பர் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

முதல்ல பாராட்டிடுறேன். வெளிப்பக்கம் நீங்க செஞ்சு வச்சிருக்கிற வேலைக்கு கையெடுத்து கும்பிடலாம், ரிவெட்டை ஒண்ணொண்ணா எண்ணலாம், எக்ஸாஸ்ட் கரி இறக்கையில எப்படி படியுமோ அப்படியே படிஞ்சிருக்கு. ஆனா உள்ள போயி உக்காந்தா, பத்து பேர் போன பி-17ங்கிற அமெரிக்க பாம்பரை நான் ஒத்த ஆளா ஒரு மவுஸை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டணும், இல்லன்னா ஆட்டோ ஸ்டார்ட்டை தட்டினா நாலு இன்ஜினும் தானா உறுமும். நடுவுல ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் இந்த மடல்.

நேத்து ராத்திரி நடந்ததையே சொல்றேன், பிளேனை செஞ்சது யாருன்னு சொல்ல மாட்டேன். பி-17ஜி, ஒண்ணாம் நம்பர் இன்ஜின். அதுல இருக்கிறது இனர்ஷியா ஸ்டார்ட்டர், சாவியை திருகினா கிளம்புற கார் சமாச்சாரம் இல்ல. ஸ்டார்ட் சுவிட்சை அழுத்திப் புடிச்சா உள்ள ஒரு சக்கரம் அடித்தொண்டையில ஆரம்பிச்சு ஊளையிட்டுக்கிட்டே வேகமெடுக்கும், அது உச்சத்துக்கு வந்ததும் ஸ்டார்ட்டை விடாமலே மெஷ் சுவிட்சையும் சேத்து அழுத்தணும், அப்பதான் அந்த வேகம் இன்ஜினுக்குப் போகும், இதுக்கு நடுவுல ப்ரைமரை அடிச்சு இன்ஜினுக்குள்ள கொஞ்சம் பெட்ரோல் தள்ளணும், இன்ஜின் பத்திக்கிட்டதும் பெட்ரோலும் காத்தும் எவ்வளவு கலக்கணும்னு பாத்துக்கிற மிக்ஸ்சர் லீவரை ஆட்டோ ரிச்சுக்கு தள்ளணும். நிஜத்துல ரெண்டு பேரு, நாலு கை. எங்கிட்ட இருக்கிறதோ ஒரே ஒரு பாயின்டர்! ஸ்டார்ட்டை விட்டுட்டு மெஷ்ஷுக்கு போறதுக்குள்ள சக்கரம் ஓஞ்சு போகுது. ஆறு தடவை பாத்தேன், ஏழாவது தடவை வெக்கத்தை விட்டு ஆட்டோ ஸ்டார்ட்டை தட்டிட்டேன்.

பக்கத்து சீட்ல கூலிங் கிளாஸ் போட்ட கோ-பைலட் ஒருத்தரை பொம்மையா உக்கார வச்சிருக்கீங்களே, அவருக்கு ஒரு வேலை குடுங்க. நான் ஒரு பட்டன் தட்டினா அவர் மெஷ்ஷை அழுத்தட்டும், அது போதும்.

லான்காஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் பாம்பர் கதை இன்னும் மோசம். அதுல கோ-பைலட்டே கிடையாது, ஏழு பேர்ல பைலட் ஒருத்தர்தான், அவருக்கு வலது கையா இருந்தது ஃப்ளைட் இன்ஜினியர். ஆறு டேங்க்ல 2,154 கேலன் பெட்ரோல், எந்த டேங்க்லருந்து எவ்வளவு எடுக்கிறதுங்கிற கணக்கெல்லாம் அவர் தலையில. அவரோட பேனல் வலது பக்க சுவத்துல, பைலட்டுக்கு பின்னால இருக்கு. நான் கேமராவை திருப்பி அங்க போயி முள்ளைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள பிளேன் ஒரு பக்கமா சாஞ்சு அதுபாட்டுக்கு எங்கேயோ போகுது. "நாலாம் நம்பர்ல டெம்பரேச்சர் ஏறுது"ன்னு ஒரு குரல் வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

அப்புறம் தப்பு பண்ணா வலிக்கணும். பி-17ஜில டேக்-ஆஃபுக்கு 46 இன்ச் மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம்), 2,500 ஆர்பிஎம், அது சில நிமிஷத்துக்கு மட்டும்தான், ஏறும்போது 38 இன்ச்சுக்கும் 2,300க்கும் குறைச்சுடணும். நான் வேணும்னே 46லயே முக்கால் மணி நேரம் ஓட்டினேன், இன்ஜின் சூட்டை வெளியேத்துற கவுல் ஃப்ளாப்பையும் மூடி வச்சேன், இன்ஜின் ஒரு தும்மல் கூட போடல. நீங்க குடுத்திருக்கிற ரேண்டம் ஃபெயிலியர் வேண்டாம்ங்க, அது லாட்டரி. நான் வதைச்சதால ஆயில் பிரஷர் இறங்கணும், புரொப்பல்லரை ஃபெதர் பண்ணவும், அதாவது அது சும்மா சுத்தாம இருக்க பிளேடை காத்துக்கு நேரா திருப்பவும், அதே இன்ஜின் ஆயில்தான் வேணும்ங்கிறதால நான் லேட்டா முழிச்சா அது காத்துல வெறி புடிச்ச மாதிரி சுத்தணும்.

குண்டு போட முடியலன்னு நிறைய பேர் உங்களை திட்டுறாங்க. எனக்கு அது குறையே இல்ல. கீழ இருந்தது ஹாம்பர்க், டிரெஸ்டன்னு ஊருங்க, மேல போனவங்கள்ல பிரிட்டிஷ் பாம்பர் கமாண்ட்ல மட்டும் 55,573 பேர் திரும்பி வரல. அதை வெடிக்கிற எஃபெக்டா பாக்க எனக்கு மனசு வராது. வெயிட்டை மட்டும் சரியா போடுங்க, முழு லோடோட ரன்வேயை விட்டு எழும்ப முடியாம திணறுறது தெரியணும்.

கடைசியா ஒண்ணு. 1935 அக்டோபர் 30, அமெரிக்காவுல ரைட் ஃபீல்ட்ங்கிற விமானத் தளத்துல பி-17ஓட முதல் பிளேன், மாடல் 299, நிக்கும்போது கன்ட்ரோலெல்லாம் காத்துல ஆடாம பூட்டி வைக்கிற கன்ட்ரோல் லாக்கை எடுக்க மறந்து கிளம்பி, செங்குத்தா ஏறி, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குற சக்தி போயி, விழுந்து ரெண்டு பேர் செத்தாங்க. பைலட்டுங்க கையில செக்லிஸ்ட் பரவலா வந்தது அதுக்கப்புறம்தான். உங்க பிளேன்ல அழகா செக்லிஸ்ட் குடுத்திருக்கீங்க, அதுல "கன்ட்ரோல் லாக் ஆஃப்"னு ஒரு வரியும் இருக்கு, ஆனா அந்த லீவரை போட்டாலும் எடுத்தாலும் ஸ்டிக் ஒரே மாதிரிதான் ஆடுது. எந்த பிளேனால அந்த வரி பொறந்ததோ அதே பிளேன்ல!

மத்ததெல்லாம் மெதுவா பண்ணுங்க, அடுத்த அப்டேட்ல அந்த லீவரை மட்டும் வேலை செய்ய வைங்க. நான் எடுக்க மறந்து ரன்வே கடைசியில போய் விழுந்தா உங்க சப்போர்ட்டுக்கு ஒரு வரி கூட எழுத மாட்டேன்.