செடியைக் கையில் கொடுத்துக் கற்பித்தவர்களுக்கு

வணக்கம்.

மூலிகை கற்றுக்கொடுத்த உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்வதுதான் முறை. சிலரிடம் சொல்லியும் விட்டேன். ஆனாலும் நீங்கள் செய்தது என்ன என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் வணக்கம் எங்கள் சித்த மருத்துவர் அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களைச் சேலையூர் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய், குனிய வைத்து, மண்ணில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். காமாலைக்குக் கீழாநெல்லி என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செடியைக் காட்டச் சொன்னால் தடுமாறுவார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் அது தெருவோரமெல்லாம் முளைக்கும்; பக்கத்திலேயே செங்கீழாநெல்லியும் நிற்கும். இரண்டிலும் இலைக்கு அடியில் கடுகு போலக் காய்கள் வரிசையாக இருக்கும். கீழாநெல்லிக் காய்க்கு மெல்லிய காம்பு உண்டு, மேலே வழவழப்பு. செங்கீழாநெல்லிக் காய் காம்பில்லாதது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் சொரசொரக்கும், தண்டிலும் சிவப்பு ஓடும். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, நாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயே திறக்கவில்லை அம்மா. அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது!

"கசக்கிப் பார், முகர்ந்து பார், நான் சொன்ன பிறகுதான் நாக்கில் வை" என்ற உங்கள் கண்டிப்புக்கும் நன்றி. இயற்கையானது என்பதால் ஒன்றும் செய்யாது என்ற பேச்சை எங்கள் முன்னால் யார் எடுத்தாலும் விட மாட்டீர்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு ஆளைக் கொல்லும் நஞ்சு. ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கண் மஞ்சளாக இருக்கிறது என்று யாராவது வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மருந்து என்பீர்கள். மூலிகை பற்றிப் பேசுகிற எல்லோரும் இதையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

செங்கல்பட்டிலிருந்து எங்களுக்காக ரயிலேறி வந்த இருளர் பெரியம்மாவுக்கு அடுத்த நன்றி. இருளர் என்றால் சென்னைக்காரர்களுக்கு வடநெம்மேலியில் இயங்கும் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நினைவுக்கு வரும். 1978-இல் உருவான அந்தச் சங்கத்தின் பெருமை பெரியதுதான். ஆனால் அவர்களுடைய செடி அறிவு அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நன்னாரியில் ஒரே கொடியில் ஒடுங்கிய இலையும் இருக்கும், அகன்ற இலையும் இருக்கும். நடுநரம்பை ஒட்டி ஓடும் வெளுப்பைப் பார், சந்தேகம் இருந்தால் வேரைக் கீறி மோந்து பார் என்று காட்டினீர்கள். பக்கவேரில் கொஞ்சம் மட்டும் எடுத்துவிட்டு, தாய்வேரை மண்போட்டு மூடி மிதித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். காய்த்து விதை கொட்டாத செடியைத் தொடவே விடவில்லை. பெரியம்மா, உங்களிடம் கற்றதற்கு ஒரு ஆசிரியருக்கு உரிய ஊதியம் தர வேண்டும் என்று முதலிலேயே பணம் திரட்டிய நண்பர்களுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட அறிவை இலவசமாக வாங்கிக்கொண்டு போவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நன்மங்கலம் காப்புக்காட்டில் ஒரு இலையைக்கூடப் பறிக்காமல் பார்க்கப் பழக்கிய வனத்துறை ஊழியர்களுக்கும் நன்றி.

ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சிக்கு என்ன சொல்ல! 2012 டெங்கு காலத்துக்குப் பிறகு சென்னையில் நிலவேம்புக் குடிநீர் குடிக்காத வீடு குறைவு. அதில் ஒன்பது சரக்கு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வியாபார நேரத்தில் செய்தித்தாளை விரித்து, நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். வெட்டிவேரும் விலாமிச்சையும் வாசனை வேர்கள்தான். ஆனால் முன்னது புல், பின்னது துளசிக் குடும்பம். இரண்டையும் மாற்றி மாற்றி மூக்கருகே நீட்டி, என் மூக்குக்கே வித்தியாசம் தெரியும்வரை விடவில்லை. பச்சையாகப் பார்த்த செடி காய்ந்தபின் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால் கடையில் எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவோம். அந்தக் கண்ணை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான்.

மொட்டைமாடியில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்து, நிழலில் காயவைத்த தழைகளை மழைக்கு முன்னால் அள்ளி வைத்த என் மாமியாருக்கு அன்பும் நன்றியும்.

கடைசியாக, எங்கள் தெருமுனைக் காலிமனைக்காரருக்கு. மனையைச் சுத்தம் செய்யும்போது வேலியோர மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். காரணம்கூடக் கேட்காமல் சரி என்றீர்கள். குப்பைமேனியும் தும்பையும் நாயுருவியும் அங்கே தானாக வந்திருக்கின்றன. முடக்கத்தான் வேலியில் ஏறிக் காய்த்துக்கொண்டிருக்கிறது. காய் முற்றிப் பழுப்பானதும் விதை எடுக்கப்போகிறேன். கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவப் பொட்டு இருக்கும், பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தொட்டியில் வளர்த்து அடைக்கோ ரசத்துக்கோ கீரை பறிக்க நினைப்பவர்கள் வந்து கேளுங்கள், தருகிறேன். முதல் பொட்டலம் மனைக்காரர் வீட்டுக்கு.

அன்புடன்,
உங்கள் மாணவி,
கிழக்குத் தாம்பரம்