புள்ளி விழுகிற பேனை

கொழும்பு 6
ஐப்பசி, ஞாயிறு மாலை

அன்பின் கிளி,

ஆவணியில் நீ கேட்டதற்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். கோபிக்காதே. "மார்கழியில் வருகிறேன், உனக்கு நல்லதொரு மைப்பேனை வாங்கி வருகிறேன், எது வேண்டுமென்று ஒரு வரியில் எழுது" என்றாய். ஒரு வரியில் அடங்காததால்தான் இத்தனை நாள் போனது.

இங்கே எல்லாரும் சுகம். மாமிக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இப்போது பல்கனியில் நின்றபடியே காலி வீதியில் வருகிற பஸ் 100ஆ 101ஆ என்று சொல்கிறார். கட்டையனின் மகளுக்குத் தையில் கலியாணம். நீ அதற்கு நிற்காமல் ஓடினால் அவன் உன்னை இந்த முறை மன்னிக்கமாட்டான், பழைய கணக்கு வேறு இருக்கிறது. மிச்சம் நேரில்.

ஆனி மாதம் நடந்த ஒன்றை உனக்கு நான் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

வவுனியாவிலிருந்து ஒரு தாய் தன் மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்க்கக் கொண்டு வந்தா. பிள்ளையின் பெயர் யதுர்சிகா. என் வழக்கம் உனக்குத் தெரியும்: மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீஆர் கொப்பியில் முதலில் கையால் எழுதுவேன், இரவில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். மூன்று வாரம் கழித்து அவ திரும்பி வந்து வாசலில் நின்றா. கடவுச்சீட்டில் ஒரு பெயர், என் மொழிபெயர்ப்பில் இன்னொரு பெயர். 'யதுரசிகா' என்று எடுத்து, ஆங்கிலத்தில் நடுவே ஓர் 'அ' ஒலியைக் கூட்டி விட்டிருக்கிறேன். கோவையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரவு பஸ்ஸில் வந்திருந்தா, குடை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோபமான வார்த்தை இல்லை. "அக்கா, ஒரு எழுத்துத்தானே, மாத்தித் தாங்கோ" என்றா. மாற்றிக் கொடுத்தேன், கை கூப்பி மன்னிப்பும் கேட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் போன திகதி போனதுதான்.

அன்றிரவு கொப்பியை எடுத்து மாமியின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ரகரத்தின் தலைக்கு மேலே கடதாசியில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. மை இல்லை. நான் புள்ளி வைத்திருக்கிறேன், கிளி. பேனை வைக்கவில்லை.

பழைய பெயர் என்றால் புள்ளி விழாவிட்டாலும் கண் தானாகப் போட்டு வாசிக்கும். 'கநதன' என்று எழுதிக் கிடந்தாலும் கந்தன்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயர் அப்படியில்லை. தாயும் தகப்பனும் ஆசையாக எழுத்துக் கூட்டிச் செய்த பெயர். புள்ளி எங்கே என்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்த நாளில் புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்று பெரிய ரீச்சர் சொல்லித் தந்தது ஞாபகமா? வாசிக்கிறவன் பாடு என்று விட்டார்கள். நான் அப்படி விட முடியாது. என் கையெழுத்துக்கும் முத்திரைக்கும் கீழே ஒரு பிள்ளையின் பெயர் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் பேனையைப் பற்றிச் சரியாகப் படிக்கத் தொடங்கினேன். நிப்பின் நுனியில் ஒரு குண்டு மணி இருக்கிறதல்லவா, அதன் நடுவே வெட்டு ஓடுகிறது. அந்த வெட்டின் இரண்டு கரையையும் அளவுக்கு மிஞ்சி உருட்டி மினுக்கிவிட்டால், பேனை கடதாசியைத் தொடும்போது கரைகள் தொடும், வெட்டு தொடாது. கோடு இழுத்தால் அசைவில் மை வந்துவிடும். தொட்டுத் தூக்கினால் வராது. ஆங்கிலம் எழுதுகிறவருக்கு இது பெரிய குறையாகப் படாது, அவர்கள் எழுத்தில் புள்ளி எத்தனை? நாங்களோ வரிக்கு ஏழெட்டுப் புள்ளி வைக்கிறோம், ஒவ்வொன்றும் தொட்டுத் தூக்குகிற வேலை. பேனை விற்கிறவர்கள் "வழுக்கிக்கொண்டு போகும்" என்றுதான் புகழ்கிறார்கள். எனக்கு வழுக்க வேண்டாம். தொட்டவுடன் எழுத வேண்டும்.

போல்பொயின்ட்டால் எழுதினால் என்ன என்று நீ கேட்பாய். இரண்டு வருடம் அதனால்தான் எழுதினேன். அதன் மை எண்ணெய் மாதிரித் தடிப்பு, அழுத்தினால்தான் உருளை சுற்றும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் அழுத்தி அழுத்திப் பெருவிரல் விறைத்துப் போய், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத நாளும் வந்தது. டொக்டர் மருந்து தரவில்லை, "அழுத்துவதை விடுங்கோ" என்றார். மைப்பேனையில் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மை தானாக நுனிக்கு வந்து நிற்கும். பேனையின் பாரமே போதும்.

சரி, எந்தப் பேனை?

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணித் தம்பி இருக்கிறார், பேனைப் பைத்தியம். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தன்னிடமிருந்ததை எல்லாம் மேசையில் பரப்பி, "அன்ரி, ஆறுதலாக எழுதிப் பாருங்கோ" என்றுவிட்டார். ஒவ்வொன்றாலும் 'உய்த்துணர்ந்தார்' என்று எழுதினேன். ஒரே சொல்லில் ஐந்து புள்ளி. அதன் கீழே 'மணம்', 'எண்ணெய்'. தடித்த நிப்பால் எழுதினால் ணகரத்தின் உள்சுழி அடைந்துவிடும், மணம் மனமாகிவிடும். சீஆர் கொப்பியின் கோட்டு இடைவெளியில் எழுதும் எனக்கு இது பெரிய விஷயம்.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. நிப்பில் மெல்லிசுக்கு F, நடுத்தரத்துக்கு M என்று போடுகிறார்கள், ஆனால் F என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே மெல்லிசு இல்லை. ஐரோப்பியப் பேனையின் F யப்பான் பேனையின் M அளவுக்குத் தடிப்பாக விழுகிறது. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்தை எழுதுகிற யப்பான்காரருக்கு ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடு அடங்க வேண்டும், அதனால் அவர்கள் நிப்பை மெல்லிசாகச் செய்கிறார்கள். எங்கள் சுழிக்கும் அதுதான் சரி.

நீ படம் அனுப்பிய அந்தக் கறுப்பு லாமி 2000 அவரிடமும் இருந்தது. கையில் எடுத்ததும் உன்னை நினைத்தேன். 1966இல் வந்த வடிவம், இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. தங்க நிப். அழகு என்றால் அழகு. ஆனால் மை தாராளமாக வருகிறது, என் எண்ணெயில் இரண்டு ணகரமும் மூடிப் போயின. தங்கம் என்பதில் மயங்க வேண்டாம், கிளி. கடதாசியில் படுகிற அந்த மணி தங்கமும் இல்லை, உருக்கும் இல்லை, நுனியில் ஒட்டவைக்கும் வேறொரு கடின உலோகக் கலவை. நாள் முழுக்கத் தேய்வது அதுதான். அறுபதாம் கலியாணத்துக்கு வேண்டுமானால் வாங்கித் தா.

லாமி சஃபாரியும் எழுதிப் பார்த்தேன். 1980இலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்று செய்து வருகிறார்கள், கீழே போட்டாலும் ஒன்றும் ஆகாது, நிப் கெட்டால் நிப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். பிடிக்கிற இடத்தை முக்கோணமாக வெட்டியிருக்கிறார்கள். நான் பேனையைக் கொஞ்சம் உள்ளே திருப்பிப் பிடிக்கிறவள், ரீச்சர் எத்தனை தரம் அடித்தும் மாறாத பிடி. என் விரல் அந்தப் பள்ளத்தில் அடங்கவில்லை. உன் மகனுக்கு அது பொருந்தும்.

தாய்வானின் ட்விஸ்பி ஈக்கோவில் மை நிறையப் பிடிக்கும், ஏறக்குறைய 1.7 மில்லிலீற்றர், உள்ளே மை ஆடுவது கண்ணுக்குத் தெரியும். நல்ல பேனைதான், பைக்குள் வைத்துத் திரியக் கொஞ்சம் பருமன். பிளாட்டினம் பிரெப்பி ஆகக் குறைந்த விலை. உடம்பிலேயே 0.3 என்று அளவு போட்டிருக்கிறது. மூடிக்குள் ஒரு வில்லு வைத்து இறுக மூடுகிறபடியால் மாதக்கணக்காகத் தொடாமல் வைத்தாலும் மை காயாதாம். அந்தத் தம்பி நாலு மாதமாகத் திறக்காத ஒன்றைத் திறந்து தந்தார், முதல் புள்ளியே விழுந்தது. கிட்டத்தட்ட அதையே சொல்லியிருப்பேன்.

கடைசியாக எடுத்தது பைலட் கக்குனோ. யப்பானில் சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழக 2013இல் கொண்டு வந்தது. நிப்பில் ஒரு சிரிக்கிற முகம் செதுக்கியிருக்கிறது, அந்த முகம் உன்னைப் பார்த்தால் நீ பேனையைச் சரியாகப் பிடித்திருக்கிறாய். F நிப். 'உய்த்துணர்ந்தார்' எழுதினேன். ஐந்து புள்ளியும் விழுந்தன. ஒவ்வொன்றும் கடுகு மாதிரி, உருண்டையாக, ஒரே அளவு. இன்னொரு தரம் எழுதினேன். அந்தப் பிள்ளையின் பெயரை எழுதினேன், யதுர்சிகா, ஒரு பக்கம் முழுக்க. ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. தம்பி சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நிப்பைப் போட்டு மெட்ரோபோலிட்டன் என்று உலோக உடம்போடும் விற்கிறார்கள், நீ அதைத்தான் வாங்க நினைப்பாய், பார்வைக்கு நல்லது. வேண்டாம். கொழும்புப் புழுக்கத்தில் பிடிக்கிற இடத்துக்கு மேலே வழவழத்த உலோகம் வேர்வையில் நழுவுகிறது. கக்குனோ பிளாஸ்டிக், பாரமே இல்லை. பஸ்ஸில் தொலைந்தாலும் நெஞ்சு வெடிக்காது.

ஐயாவின் பார்க்கர் 51 இருக்கிறதே என்று நீ எழுதியிருந்தாய். இருக்கிறது. இப்பவும் எழுதுகிறது. நிப் முழுக்க மூடியபடி இருப்பதால் எத்தனை நேரம் திறந்து வைத்தாலும் லேசில் காயாது, அந்த யோசனைக்கு ஈடாக இன்னும் ஒன்று வரவில்லை என்று நினைக்கிறேன். ஐயா பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார், அந்தத் தடித்த கோடு அவருக்குப் பொருந்தியது. 83 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து அவரோடு வெளியே வந்தது சேர்ட்டுப் பைக்குள் இருந்த அந்தப் பேனை ஒன்றுதான். கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகும்போது அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அதைக் கைப்பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டு திரிய எனக்குத் துணிவில்லை. அலுமாரியில் இருக்கிறது. மாதம் ஒருக்கால் கழுவி, மை ஊற்றி, உனக்கு எழுதும்போது மட்டும் எடுக்கிறேன். இந்தக் கடிதமும் அந்தப் பேனையால் எழுதுவதுதான். ணகரங்கள் அடைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

மையைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்கழிவரை இங்கே மழைதான். கொப்பித் தாள் ஈரம் குடித்துப்போய், வழக்கமான நீல மையால் எழுதினால் எழுத்துக்குக் கால் முளைத்துப் பரவுகிறது, பின்பக்கத்திலும் ஊறுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் வரியே போய்விடும். எனக்கு பிளாட்டினம் புளூ பிளாக் ஒரு போத்தல் வேண்டும். அது இரும்பு கலந்த மை. எழுதும்போது நீலம், காற்றுப்பட்டு நாளாக நாளாகக் கறுக்கும், தண்ணீருக்கும் அசையாது. எங்கள் பாட்டன்மார் கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சிய மையின் சொந்தக்காரன்தான். பேனைக்குள் காயவிடக்கூடாது, மாதம் ஒருக்கால் கழுவவேண்டும். அதை நான் செய்வேன்.

ஆகவே: கக்குனோ, F, இரண்டு. M வாங்கிவிடாதே, கடைக்காரர் "நன்றாக எழுதும்" என்று M தான் தருவார். கூடவே கொன் 70 என்கிற மை உறிஞ்சி இரண்டு. கொன் 40 வேண்டாம், அதில் 0.4 மில்லிலீற்றர்தான் பிடிக்கும், எனக்கு மத்தியானத்துக்கிடையில் முடிந்துவிடும். 70இல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். மைப்போத்தலின் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, உடுப்புக்கு நடுவில் வை. வெள்ளை உடுப்புக்கு நடுவில் வைக்காதே, நீலக்காரி!

வாங்குமுன் கடையில் எழுதிப் பார்க்க விட்டால் அங்கேயே 'உய்த்துணர்ந்தார்' எழுது. மெதுவாக எழுதாதே, உன் வழக்கமான வேகத்தில் எழுது. ஐந்து புள்ளியும் விழுந்தால் அதுதான். எழுதிய அந்தத் தாளையும் கொண்டு வா, உன் கையெழுத்தைப் பார்த்துக் கனகாலம். நீ இப்போதெல்லாம் போனில்தானே தட்டுகிறாய்.

அப்புறம், ஒன்பதாம் வகுப்பில் வாங்கு மேலே சொட்டுச் சொட்டாக எண்ணி உனக்குக் கடன் தந்த மை இன்னும் ஆறு துளி பாக்கி. இந்தப் போத்தலோடு அது தீரும்.

மாமி உன் அம்மாவைக் கேட்டதாக எழுதச் சொன்னார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை, தபாலில் போடுமுன் உறைக்கு மேலே மெழுகுதிரி தேய்த்து விடுகிறேன், ஐயாவின் பேனையில் இன்னும் பழைய நீல மைதான்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தைக்காரி