மூன்று மணி, இரண்டு தடவை

கும்பகோணம்
பிப்ரவரி 11

அன்புள்ள கண்ணாவுக்கு,

போர்வை போதுகிறதா? போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. போதும் என்கிறாயா, பார்த்துவிட்டேன் என்கிறாயா என்று புரியவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

நம் ஊர்க் கணக்கு மேதை ராமானுஜனுக்கும் அங்கே கேம்பிரிட்ஜுக்குப் போன புதிதில் இந்தப் போர்வைப் பிரச்சினை இருந்திருக்கிறது. ராத்திரி குளிரில் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கியிருக்கிறார். மெத்தையோடு சேர்த்துச் செருகி வைத்திருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ்தான் அறைக்கு வந்தபோது விசாரித்து, கம்பளியை விலக்கி, இப்படிப் படுக்கணும் என்று காட்டிக் கொடுத்தாராம். உனக்கு அங்கே அறைக்குள் வந்து கேட்க ஒருத்தர் இருக்கிறாரா? அந்த மலையாளிப் பையன் இன்னும் பக்கத்து அறையில்தான் இருக்கிறானா?

அப்பா நன்றாக இருக்கிறார். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். நீ டிரினிட்டி கல்லூரி வாசலில் நின்று அனுப்பிய படத்தை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரை எல்லாரையும் அதற்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பாடம் நடக்கிறது. எட்டாம் ஹென்றி 1546இல் கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்று அதற்கு முன்பே இருந்த இரண்டு கல்லூரிகளைச் சேர்த்துத்தான் இதை ஆரம்பித்தார். 30க்கும் மேற்பட்ட நோபல் பரிசுகள் இந்த ஒரு வாசலுக்கு உரியவை. பைரன், டென்னிசன், நேரு எல்லாரும் இதற்குள் நடந்தவர்கள். சொல்லி முடிக்கும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும். நமது ஊர்க் கல்லூரியை ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்பார்கள் என்பதையும் கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

எனக்கும் பெருமைதான். இல்லை என்று நினைக்காதே. ஆனால் நான் அந்தப் படத்தில் பார்ப்பது உன் சட்டைக் காலரை. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் போலிருக்கிறது. உனக்கு மேலே மாடத்தில் நிற்கிற ராஜா கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருக்கிறது, யாரோ மாணவர்கள் மாற்றி வைத்தது என்று அன்றைக்கு ஃபோனில் சொல்லிச் சிரித்தாய். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் சிரிப்பு. அது ஆச்சு, ஒன்றரை வருஷம்.

சாப்பிடு. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் அனுப்பினேனே, திறந்தாயா? அந்தக் காலத்தில் கப்பலிலேயே ராமானுஜனுக்குப் புளியும் மசாலா சாமானும் போயிருக்கிறது. முதல் உலகச் சண்டை நடக்கிற சமயம். உன் கல்லூரியின் நெவில்ஸ் கோர்ட் தாழ்வாரத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டிருந்த நேரத்தில் இந்த மனிதர் ஒற்றை ஆளாகத் தனக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். அதுவும் வேளைக்கு இல்லை. கணக்கில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும். நீயும் அப்படித்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்கிறார். எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. 1917இல் படுத்தவர் பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை. அந்த வருஷம் டிரினிட்டி ஃபெல்லோஷிப் கேட்டார்கள், கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ராயல் சொசைட்டியும் கொடுத்தது, அக்டோபரில் டிரினிட்டியும் கொடுத்தது. இரண்டுக்கும் முன்னால், 1918 ஆரம்பத்தில், லண்டன் ரயில் பாதையில் நடந்தது உனக்குத் தெரியும். யாரோ பார்த்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் சித்தப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டில் அகால நேரத்தில் ஃபோன் அடித்தால் நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பொங்கலன்று பேசும்போது ஒரு வார்த்தை சொன்னாய். கல்லூரியின் கிரேட் கோர்ட் முற்றத்துக் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும், முதலில் தாழ்ந்த குரலில், அப்புறம் உயர்ந்த குரலில் என்று. "மூணு மணி, ரெண்டு தடவை எண்ணுவேன்மா" என்றாய். அப்பா அதையும் சிலிண்டர்காரரிடம் சொல்லிவிட்டார். நான் அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினமுமா எண்ணுகிறாய்?

தூங்கு கண்ணா. சாப்பிடு, தூங்கு. ஆய்வு எங்கே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்க விடமாட்டேன்.

நியூட்டனைப் பற்றி நீ எட்டாம் வகுப்பில் கட்டுரை எழுதினாய், பரிசு வாங்கினாய், கோப்பை இன்னும் ஷெல்ஃபில் இருக்கிறது. அதில் ஆப்பிள் இருந்தது; அவர் வீட்டுக்குத் திரும்பிய கதை அதில் இல்லை. 1661இல் பணக்காரப் பிள்ளைகளுக்கு எடுபிடி வேலை செய்து படிக்கிற பையனாகத்தான் டிரினிட்டிக்குள் போனார். 1665இல் பிளேக் வந்து பல்கலைக்கழகத்தை மூடினார்கள். வூல்ஸ்தோர்ப்பில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஏறத்தாழ இரண்டு வருஷம். திரும்பி வந்து 1667இல் ஃபெல்லோ ஆனார், 1669இல் புரொஃபசர். இரண்டு வருஷம் அம்மா வீட்டில் இருந்ததால் அவர் எதையும் இழக்கவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிற ஆப்பிள் மரம்கூட அந்த வூல்ஸ்தோர்ப் மரத்தின் வம்சம் என்று நீதான் சொன்னாய். அதைத் தாண்டித்தானே தினமும் போகிறாய்.

நட்சத்திரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி சந்திரசேகர் 19 வயதில் சென்னையிலிருந்து போனபோது அவர் அம்மா சீதாலட்சுமி படுக்கையில் இருந்தார். போய் வா என்று அனுப்பியதே அந்த அம்மாதான். 1930இல் கப்பல் ஏறினார். 1931இல் அம்மா போய்விட்டார். 1933இல் மகன் டிரினிட்டி ஃபெல்லோ, 1983இல் நோபல். அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது 1930லிருந்து நேராக 1933க்குத் தாண்டிவிடுகிறார்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

போன வெள்ளிக்கிழமை சாரங்கபாணி கோயிலுக்குப் போய்விட்டு, சன்னதித் தெருவில் ராமானுஜனின் வீட்டுக்குள் நுழைந்தேன். உனக்கு ஏழு வயதில் கூட்டிப்போனேனே, திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டு வேண்டும் என்று அடம்பிடித்தாயே, அந்த வீடு. அன்றைக்குக் கூட்டமில்லை. அவர் அம்மா கோமளத்தம்மாளையே நினைத்துக்கொண்டு நின்றேன். கடல் தாண்டக் கூடாது என்றிருந்தவள், நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள் என்று பிள்ளையை அனுப்பியவள். அவளேதான் மருமகள் ஜானகி எழுதின கடிதங்கள் பிள்ளைக்குப் போகாமல் தடுத்தவள். ஜானகியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் பெண்டாட்டி எழுதவில்லையே என்று இருக்க, இங்கே இவள் புருஷன் எழுதவில்லையே என்று இருந்திருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவரும் வீட்டுக்கு எழுதுவதைக் குறைத்துவிட்டார். எப்பேர்ப்பட்ட பொம்பளை என்று மனசுக்குள் திட்டினேன். திட்டும்போதே வாய் அடைத்துவிட்டது.

பதினொன்றாம் வகுப்பில், அந்த விடுதிப் பள்ளியிலிருந்து, உன் பெஞ்சுப் பையனின் அம்மா கையில் ஒரு தாள் கொடுத்தனுப்பினாய். கணக்கு நோட்டில் கிழித்தது. 'அம்மா, என்னால் இங்கே இருக்க முடியவில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லை. அப்பாவிடம் சொல்லி வந்து கூட்டிப் போ.' நான் அதை அப்பாவிடம் காட்டவில்லை. பணம் கட்டியாகிவிட்டது, இன்னும் ஒன்றரை வருஷம்தானே, காட்டினால் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்க் கூட்டிவந்துவிடுவார் என்று பயந்தேன். ஆமாம், அதுதான் பயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முறுக்கோடு வந்து, "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், படி" என்றேன். நீ தலையை ஆட்டினாய். அதற்கப்புறம் நீ எனக்கு எதுவுமே எழுதவில்லை. எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா".

அப்பா இன்றுவரை, நம் பிள்ளை ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நேற்று ராத்திரி அவரை உட்காரவைத்துத் தாளைக் கையில் கொடுத்தேன். இத்தனை வருஷம் என் நகைப்பெட்டியின் அடியில் இருந்தது. படித்தார். எதுவும் பேசவில்லை. எழுந்து போய் உன் அறையில் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். காலையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அங்கே ஃபேனை மாற்றச் சொன்னார்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

வருகிறேன் என்று ஒரு வார்த்தை போதும், டிக்கெட்டை அக்கா போட்டுவிடுவாள். வரவில்லை என்றாலும் எழுது. நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே. அங்கே அந்தக் கடிகாரம் மூன்று அடிக்கும்போது இங்கே எட்டரை. சமையல் முடித்துவிட்டு ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அம்மா