பென்ட்ரிட்ஜ் சிறை வளாகத்தின் உரிமையாளர்களுக்கும் மெரி-பெக் நகரசபைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், கோபர்க் பகுதியில் குடியிருப்பவன் நான். சாமான் வாங்கவும் படம் பார்க்கவும் உங்கள் வளாகத்துக்குத்தான் வருகிறேன். அதனால் பழைய சிறையைப் பூட்டியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 1997இல் மூடிய இடம் பாழடைந்து கிடப்பதைவிட ஆள் நடமாட்டத்தோடு இருப்பது மேல். கருங்கல் மதிலை விட்டுவைத்ததற்கும் நன்றி.

ஆனால் அந்த மதிலுக்குள் நடந்ததைச் சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

சிறையின் டி பிரிவுக் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிறையறைகள் ஒயின் புட்டி அடுக்கும் அறைகளாக விலை போயின. (தடித்த சுவர், உள்ளே குளிர்ச்சி, புட்டிகளுக்குக் குறையில்லை.) அங்கேதான் 1951 பிப்ரவரியில், கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஜீன் லீயைத் தூக்கிலிட்டார்கள். நிற்கக்கூட முடியாமல் கிடந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கயிற்றை மாட்டினார்கள். இந்த நாட்டில் தூக்கிலிடப்பட்ட கடைசிப் பெண் அவர். 1967 பிப்ரவரி 3 காலை எட்டு மணிக்கு ரொனால்ட் ரயன். வெளியே ஊரே திரண்டு எதிர்த்தும் விக்டோரியா மாநில முதல்வர் ஹென்றி போல்டி மசியவில்லை. ரயனுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் யாரையும் தூக்கிலிடவில்லை. இந்தச் சிறையிலிருந்து ரயன் தப்பியோடிய அன்று சுடப்பட்டு இறந்த காவலர் ஜார்ஜ் ஹாட்சனையும் மறக்கக் கூடாது; அந்தக் கொலைக்காகத்தான் ரயனுக்குத் தூக்கு. கைதிகளுக்காக மட்டும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஜிகா ஜிகா கதை இன்னும் மோசம். 1980இல் பெருமையாகத் திறந்த உயர்பாதுகாப்புப் பிரிவு அது. 1987 அக்டோபர் 29 அன்று, அங்கிருந்த நிலைமையை எதிர்த்துக் கைதிகள் உள்ளேயே தடுப்பு வைத்து அடைத்துக்கொண்டார்கள். தீ மூண்டு ஐந்து பேர் இறந்தார்கள். கட்டடம் இன்று இல்லை, அதனால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவீர்களா?

2014இல் தோண்டியபோது, கைதிகளை உலாவ விட்ட, விசிறிபோல் விரிந்த முற்றங்களின் அடித்தளம் வெளிவந்ததே, அது நல்ல வேலை. நடுவில் நிற்கும் ஒரே காவலர் எல்லாரையும் பார்க்கலாம்; கைதிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அந்தச் சுவர்த் தடங்களைப் பார்த்தாலே 19ஆம் நூற்றாண்டுத் தண்டனை எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிடும்.

பழம்பெரும் இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் சிறைச் சுற்றுலா இருப்பது தெரியும். ஆனால் அது சீட்டு வாங்கியவர்களுக்கு. மற்றவர்கள் காப்பிக் கோப்பையோடு கடந்து போகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். எல்லாரும் நடக்கும் வழியில், டி பிரிவின் வாசலிலும் ஜிகா ஜிகா நின்ற இடத்திலும், இறந்தவர்களின் பெயரும் நாளும் நடந்ததும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பழைய சிறையறைகளை இணைத்துக் கட்டிய ஹோட்டலில் தங்குபவர்களுக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 3 அன்று கட்டணமில்லாமல் கதவைத் திறந்துவிடுங்கள். வாசகங்களை எழுதும்போது முன்னாள் கைதிகளையும், காவலர்களின் குடும்பங்களையும், இந்த மண்ணுக்குரிய வுருண்ட்ஜெரி மக்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். செலவுக் கணக்கை நகரசபைக் கூட்டத்தில் வையுங்கள், நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கோபர்க்வாசி ஒருவன்