அந்த மத்தியான டைமை மாத்திக் குடுங்க: எங்க அபார்ட்மென்ட் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அசோசியேஷன் தலைவர் சாருக்கும் செக்ரட்டரி மேடத்துக்கும் கமிட்டில இருக்கற எல்லாருக்கும் வணக்கம்ங்க.

லான் விஷயமா நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கல. வாக்கிங் வர்றவங்களுக்கு இடைஞ்சல்னு சீடை, அதிரசம்னு நாங்க பேர் வெச்சு வளர்க்கற எங்க கினி பிக் (புல்லு திங்கற, எலி இனத்துக் குட்டிப் பிராணி) ரெண்டையும் மத்தியானம் 2ல இருந்து 4 மணி வரைக்கும்தான் புல்லுல விடணும்னு நோட்டீஸ் ஒட்டினீங்க, அப்பதான் லான் காலியா இருக்கும்னு காரணமும் போட்டிருந்தீங்க. கோயமுத்தூர் ஏப்ரல் வெயில்ல மனுசங்களே நிக்க முடியாமதான அந்நேரம் காலியா கெடக்குது?

சங்கம் சொன்ன டைம், மீற வேண்டாம்னு போன சனிக்கிழமை 2.15க்கு புங்க மரத்தடில வலைக்கூண்டு வெச்சு விட்டோம். நெழல்தான், தண்ணி பாட்டிலும் மாட்டி வெச்சோம். ஆனா நெழல் நகர்ந்துட்டே இருக்குமில்லீங்க, பொண்ணு மேல போய் வெள்ளரிக்கா நறுக்கி எடுத்துட்டு வர்றதுக்குள்ள பாதிக் கூண்டு வெயிலாயிடுச்சு. சீடை ஒரு மூலைல ஒடுங்கி உக்காந்திருந்துச்சு, அதிரசம் பக்கவாட்டுல காலை நீட்டிப் படுத்துடுச்சு. வயிறு படபடன்னு ஏறி எறங்குது, வாயோரம் எச்சி, காதைத் தொட்டா சுடுது. டாக்டருக்கு போன் போட்டா ஐஸ் மட்டும் வெச்சுடாதீங்க, சாதா தண்ணில துணிய நனைச்சு காதுலயும் பாதத்துலயும் ஒத்திக்கிட்டே உடனே தூக்கிட்டு வாங்கன்னாரு. அதுகளுக்கு நம்மள மாதிரி வேர்க்காதுங்க, நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு சூட்டை எறக்கவும் முடியாது. ஆண்டீஸ் மலைக் குளிர்ல இருந்து வந்த ஜாதி, 26 டிகிரி தாண்டினாலே அதுக்கு பாடுதான்.

அதிரசம் உசுரு தப்பிச்சுது, ஆனா வாயே தெறக்கல. அரை நாள் சாப்பிடாம கெடந்தாலே இதுகளுக்கு குடல் நின்னு போற ஆபத்து இருக்குன்னு டாக்டர் சொன்னதால ராத்திரி பூரா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சிரிஞ்சுல கூழ் மாதிரி கரைச்சு ஊட்டினோம். விடியக்காலம் 3 மணிக்கு என் பொண்ணு சமையல்கட்டுத் தரைல உக்காந்து, துண்டுல சுத்தி மடில வெச்சுக்கிட்டு, ஒரு வாய் வாங்கிக்கோடா சாமின்னு கெஞ்சிட்டிருந்தா. மறுநாள் மத்தியானம் கொத்தமல்லிக் காம்பு ஒண்ணை இழுத்து கறக்கறக்குன்னு மென்னுச்சு பாருங்க, அதுக்கப்புறம்தான் எங்க வீட்ல அடுப்பே பத்த வெச்சோம்.

இதெல்லாம் நடக்கட்டும்னு நீங்க அந்த டைம் போடலன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நடந்திருக்காது.

வீட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமேன்னு சிலர் கேக்கறாங்க. வீட்டுக்குள்ளதாங்க வெச்சிருக்கோம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வெளிய கேக்கறோம். இதுகளுக்குப் பல்லு ஆயுசு பூரா வளர்ந்துட்டே இருக்கும், புல்லை மென்னு மென்னுதான் தேயணும். வைட்டமின் சி நம்ம உடம்பு மாதிரியே அதுக உடம்பும் தானா செய்யாது, பச்சையா தின்னாத்தான் கெடைக்கும். காலை எளவெயில்ல அருகம்புல்லு மேல எறக்கி விட்டா ரெண்டும் நின்ன எடத்துலயே பாப்கார்ன் பொரியற மாதிரி துள்ளும், ஒரு தடவ வந்து பாருங்க.

நாங்க கேக்கறது இதுதான். காலை 6.15ல இருந்து 7.15 வரைக்கும், கெழக்குச் செவுரு மூலைல ஆறுக்கு நாலு அடி எடம். வாக்கிங் பாதைல இருந்து அது நல்லா தள்ளி இருக்கு. மேலயும் வலை போட்ட கூண்டு, காக்கா பூனை எதுவும் கிட்ட வராது, நாங்க யாராவது ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருப்போம். ஈரப்புல்லு ஆகாதுன்னு தோட்டக்கார அண்ணன்கிட்ட பேசிட்டேன், அந்த மூலைக்கு மட்டும் முந்துன நாள் சாயந்தரமே தண்ணி விட்டுடறேன்னு சொல்லிட்டாரு.

சொல்ல வந்தது இது மட்டுந்தான், ஆனா மனசுல இருக்கறதையும் சொல்லிடறேன். புல்லுல கொழந்தைங்க கால் வெச்சா விசில், பாட்டிங்க பாய் விரிச்சா விசில், எல்லாரும் மெயின்டெனன்ஸ் கட்டறோம், யாரும் மிதிக்கக் கூடாதுன்னா அந்தப் புல்லு யாருக்காக வளருதுங்க? பூச்சி மருந்து அடிக்கறப்பவும் யாருக்கும் சொல்றதில்ல, மறுநாள் கொழந்தைங்க அதுலதான் உருண்டுட்டு இருக்குதுங்க. 2015ல இந்திய விலங்குகள் நல வாரியம் குடியிருப்பு சங்கங்களுக்கு குடுத்த வழிகாட்டுதல்ல, தோட்டத்துக்குள்ள வளர்ப்புப் பிராணியே வரக் கூடாதுன்னு தடை போடாம ஒத்துப் பேசி நேரம் வெச்சுக்கோங்கன்னுதான் சொல்லிருக்காங்க. முக்கியமா நாய் வளர்க்கறவங்களுக்காக எழுதினதுதான், ஆனா அந்த ஒத்துப் பேசறதைத்தான் நானும் கேக்கறேன். கேஸு கீஸுன்னு போறவங்க நாங்க இல்லீங்க.

கோவத்துல ஏதாவது கூடக் கொறையச் சொல்லிருந்தா மன்னிச்சுக்கோங்க. வர்ற ஞாயித்துக்கெழம மீட்டிங்ல இதையும் எடுத்துக்கோங்க, மருந்து அடிக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி குரூப்ல மெசேஜ் போடச் சொல்லுங்க. பொண்ணையும் கூட்டிட்டு வர்றேன், யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் அவகிட்டயே கேக்கலாம். காலை 6.15ல இருந்து 7.15, தயவு பண்ணி மாத்திக் குடுங்க.

இப்படிக்கு,
பி பிளாக், ரெண்டாவது மாடியில இருந்து